அநாதை என்ற சொல்லின் உறவினர்கள்

நீங்கள் கேட்டது ஒரே ஒரு பக்கம், ஷாமினி. எனக்கு எதையும் ஒரு பக்கத்தில் எழுத வராது. ஞாயிறு பத்திரிகையில் பதினெட்டு ஆண்டுகள் சொற்களைப் பற்றி எழுதினேன். மாதம் ஒருமுறையாவது ஆசிரியர் கூப்பிட்டு, "டீச்சர், உங்களுக்கு அரைப் பக்கம்தான்லா, மிச்சத்துல வெளம்பரம் வருது" என்று கெஞ்சுவார். ஆகவே இதுவும் நீளும். சாவகாசமாகப் படியுங்கள்.

போன சனிக்கிழமை நீங்கள் ஈப்போ சிலிபினில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சாந்தினியின் கோப்பை விரித்து வைத்தீர்கள். அவளுக்கு முப்பத்தாறு வயது. பிறப்புப் பத்திரம் இல்லை, ஐசி என்கிற அடையாள அட்டை இல்லை. இந்த நாட்டில் பிறந்தவள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பதிவு இலாகாவில் சாந்தினி, தகப்பன் பெயர் சின்னையா என்று தேடச் சொல்லி, அப்படி ஒரு பிறப்பே பதியப்படவில்லை என்று பதில் வாங்கி வைத்திருந்தீர்கள். நீங்கள் அவளுக்காகப் போட்ட குடியுரிமை மனுவுக்கு அடுத்த மாதம் நேர்காணல். அதற்கு முன்னால், அவளை எனக்கு எத்தனை வயதிலிருந்து தெரியும், பெற்றோர் யார் என்று நான் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும்.

"வேற சாட்சியே இல்ல டீச்சர். நீங்கதான்லா அவங்களுக்கு எல்லாம். இந்தக் காலத்துல யாரு இப்படி ஒரு பிள்ளய எடுத்து வளப்பா?" என்றீர்கள்.

சாந்தினி அப்போது தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "டீச்சருக்கு சீனி போடல. டாக்டர் சொன்னா கேக்க மாட்டாங்க, நான் சொன்னாத்தான் கேப்பாங்க" என்று உங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு பின்பக்கம் போய்த் துணி காயப்போட்டாள். நீங்கள் அவள் போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பார்வைதான் இதை எழுத வைத்தது. நல்ல மனிதர்கள் என்னை அப்படிப் பார்க்கும்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது.

நான் வேலை பார்த்தது ஈப்போவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த ஒரு தோட்டப் பள்ளியில். இப்போது அந்தத் தோட்டம் இல்லை. பால்மரங்களை வெட்டி வீடமைப்புப் பகுதியாக்கிவிட்டார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பள்ளிக்கு வந்த முதல் நாளே, பெற்றவர்கள் அதன் பிறப்புப் பத்திரத்தை, அவர்கள் வார்த்தையில் சுராட்டை, எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். லயத்து வீடுகளின் கூரை ஒழுகும். கறையான் தகரப் பெட்டியைக்கூட விடாது. பள்ளியில் ஓர் இரும்பு அலமாரி இருந்தது. அதன் சாவி என்னிடம் இருந்தது.

சாந்தினியின் அம்மா இருளாயி பால்மரம் சீவிப் பால் எடுக்கிறவள். காலை வேலை முடிந்து, கையில் ரப்பர் பால் வாடையோடு, மகளையும் அந்தக் காகிதத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்தாள்.

"டீச்சரம்மா, இந்த சுராட்ட நீங்களே வச்சிருங்க. இவ அப்பன் அவன் ஐசியவே ரெண்டு தடவ தொலச்ச ஆளு. அவன நம்பி நான் தீப்பெட்டியக்கூட குடுக்க மாட்டேன்."

சின்னையா பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். "மூணு தடவ" என்று திருத்தினார்.

அவர் லாரி விபத்தில் இறந்தது தொண்ணூற்றைந்தில். இருளாயி மறு வருடம் காய்ச்சலில் போனாள். அடுத்த ஆண்டே தோட்டம் கைமாறி, பள்ளியும் மூடப்பட்டது. கடைசி வாரம் நான் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு குடும்பமாக அழைத்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தேன். நாற்பத்தொன்று கொடுத்தேன். மிச்சம் இருந்த ஒன்றை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அந்தப் பிள்ளை என் பக்கத்தில்தான் நின்று, மை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம், ஷாமினி. பதியப்படவில்லை என்பது பொய். அவளுடைய பிறப்புப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. இருபத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறது.

இதைப் படித்ததும் நீங்கள் எழுந்துபோய்விடக் கூடாது. நான் எதையும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவளை வீட்டுக்கு அழைத்து வந்தது நல்ல எண்ணத்தில்தான். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் நானும் என் தாயும் மட்டும். அவளுக்குத் தனி அறை கொடுத்தேன், மின்விசிறி போட்டுக் கொடுத்தேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் அவளை மதம் மாற்றவில்லை. தீபாவளிக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று அவளுக்கு வருடத்துக்கு இரண்டு புதுத்துணி. ஒருநாளும் அடித்ததில்லை. பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை என் தோழி. பத்திரம் பிறகு வரும் என்று சொல்லிச் சேர்த்தேன். அவர் பிறகு கேட்கவில்லை.

பன்னிரண்டு வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐசி எடுப்பார்கள். அந்த வருடம் சாந்தினி தேர்வில் நன்றாகச் செய்திருந்தாள். தைப்பிங்கில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில், அங்கேயே தங்கி இடைநிலைப் பள்ளிக்குப் போக இடம் கிடைத்தது. ஜனவரிக்குள் பிறப்புப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். நவம்பரில் என் தாய்க்குப் பக்கவாதம் வந்தது. பகலெல்லாம் நான் மாற்றலாகியிருந்த பள்ளியில். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் என்ன என்று தோன்றியது. எல்லாரிடமும் நான் சொல்லியிருக்கக்கூடிய காரணம் இது. எனக்கு நானே நெடுங்காலம் சொல்லிக்கொண்டதும் இதுதான்.

ஆனால் அதற்கு முந்தைய வாரம் ஒன்று நடந்தது. கடிதம் வந்த அன்று அவள் அதை அடுப்படியில் நின்று மூன்று முறை படித்தாள். "தைப்பிங்ல எப்பவும் மழயாமே டீச்சர்? கொட ஒண்ணு வேணும். புது செருப்பு வேணும். அங்க மேல் கட்டில் கெடைக்குமா, கீழ்க் கட்டிலா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் தட்டில் சோறு போட்டு வைத்திருந்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. நான்கு வருடம் என் வீட்டில் இருந்தவள், போவதைப் பற்றிப் பேசும்போது முகத்தில் ஒரு சின்ன நிழல்கூட இல்லை. என்னைப் பார்த்து, நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள் என்று ஒரு பேச்சுக்காவது கேட்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்ப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

டிசம்பரில் ஒரு மாலை அவளை உட்காரவைத்துச் சொன்னேன். "சாந்தினி, உங்க அம்மா உன்னப் பதியவே இல்லம்மா. சுராட்டே இல்ல."

அவள் அழவில்லை. யோசித்தாள். "மறந்துட்டாங்களா?"

"தெரியல. அந்த வேல, அந்தக் கஷ்டம். தோணாமப் போயிருக்கும்."

இறந்தவர்கள் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்று அன்று கற்றுக்கொண்டேன். அதன் விலையை இருளாயிதான் கொடுத்தாள். அதுவரை அம்மா இறந்த நாளில் சாந்தினி ஒரு விளக்கு ஏற்றிவைப்பாள். அந்த வருடம் ஏற்றவில்லை. பிறகு ஒருபோதும் ஏற்றவில்லை. எப்போதாவது பேச்சு வந்தால், "எங்கம்மாவுக்கு என்னைப் பதியக்கூட தோணல, அவங்களப் பத்தி என்னாத்த பேசுறது" என்பாள். நான் மறுத்துப் பேசியதில்லை.

அவள் என் தாயைப் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். அதனால் எனக்கு மாலை நேரம் கிடைத்தது. மாலை நேரம் கிடைத்ததால் சொற்கள் கிடைத்தன. கான்வென்டில் எனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அயர்லாந்துக்குத் திரும்பியபோது தன் அகராதிகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஜெர்மனை அஞ்சல் வழியில் படித்தேன். இந்த ஊரில் ஐரோப்பியச் சொற்களின் பிறப்பைத் தமிழில் எழுத வேறு ஆள் இல்லை என்று ஆசிரியர் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

எனக்கு அதிகப் பெயர் வாங்கித் தந்தது இரண்டாயிரத்து ஒன்பதில் எழுதிய கட்டுரை. அநாதையைப் பற்றி. நம் சொல்லில் இருப்பது நாதன் இல்லாமை மட்டும்தான். ஐரோப்பாவில் அந்தச் சொல்லுக்கு உறவினர்கள் அதிகம். ஆங்கிலத்தின் ஓர்ஃபன் கிரேக்கத்தின் ஓர்ஃபனோஸிலிருந்து வந்தது. பிரெஞ்சில் ஓர்ஃபெலன், இத்தாலியத்தில் ஓர்ஃபனோ, ஸ்பானியத்தில் உவேர்ஃபனோ. இதுவரை ஒரே முகஜாடை. ஜெர்மனுக்குப் போனால் பிள்ளை காணாமல் போய்விடுகிறது. அங்கே அநாதையைக் குறிக்க வேறு சொல். ஆனால் அதே வேரிலிருந்து எர்பெ இருக்கிறது. அது வாரிசாக வரும் சொத்து. ஸ்வீடனில் அதையே ஆர்வ் என்கிறார்கள். ஜெர்மனின் ஆர்பைட், அதாவது வேலை, அதுவும் இந்தக் குடும்பம்தான் என்று பலர் கருதுகிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளை வயிற்றுக்காகப் படும் பாடு என்பதுதான் முதல் பொருளாக இருந்திருக்குமாம். இன்னும் கிழக்கே போனால் பழைய ஸ்லாவியத்தில் ரப் என்றால் அடிமை. ரஷ்யத்தில் ரபோட்டா, வேலை. செக்கில் ரோபோத்தா, நிலக்கிழாருக்குக் கூலியில்லாமல் உழைப்பது. இயந்திர மனிதனுக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் அதிலிருந்து பிறந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வேருக்கு, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுவது என்று பொருள் சொல்கிறார்கள்.

இறந்தவர் வீட்டில் பாகம் பிரித்ததுபோல இருக்கிறது என்று எழுதினேன். கிரேக்கர்கள் பிள்ளையை வைத்துக்கொண்டார்கள், ஜெர்மானியர்கள் சொத்தையும் உழைப்பையும் எடுத்துக்கொண்டார்கள், ஸ்லாவியர்களுக்கு அடிமைத்தனம் மிஞ்சியது.

அதைச் சாந்தினிக்குப் படித்துக் காட்டினேன். என் கட்டுரைகளை எல்லாம் முதலில் கேட்கிறவள் அவள்தான். அப்போது அவளுக்கு இருபத்தொன்று. மடியில் முருங்கைக்கீரையை வைத்து உருவிக்கொண்டிருந்தாள்.

"அப்போ அநாத, வேல, சொத்து, மூணும் ஒரே வீட்டுச் சொல்லா டீச்சர்?"

"ஆமா."

அவள் சிரித்தாள். "எனக்கு மூணுல ரெண்டு கெடச்சிருக்கு. பரவால்லலா."

அந்த வாக்கியத்தை என்னுடையதாக மாற்றி, கட்டுரையின் கடைசியில் வைத்தேன். மூன்றில் இரண்டு மட்டுமே கிடைக்கப்பெற்றவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று. வாசகர் கடிதங்கள் நிறைய வந்தன. ஒருவர் அதைப் படித்துவிட்டு அழுததாக எழுதியிருந்தார். நான் அதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

பதினெட்டு வயதில் தொழிற்சாலை பஸ் எங்கள் தெருமுனையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போனபோது, ஐசி இல்லாததால் அவள் போக முடியவில்லை. இருபத்து மூன்றில் தேவன் வந்தார். டயர் கடையில் வேலை, அமைதியான பையன். பதிவுத் திருமணம் செய்ய ஆசைப்பட்டார்கள். அவருடைய தாய் என் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. "ஐசி இல்லாத பொண்ணு ரோட்டெக்ஸ் இல்லாத காடி மாரி டீச்சர். ஓட்டலாம். ஆனா போலீஸப் பாத்துப் பாத்துத்தான் ஓட்டணும்." சாலை வரி கட்டாத கார். நல்ல உவமை. சாந்தினி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போது எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். என் தாய் அந்த வருடம் மார்ச்சில்தான் இறந்திருந்தார். இனி நோயாளியைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் பதினோரு வருடப் பொய்யை எப்படித் திறப்பது? கொடுப்பது இரண்டு நிமிட வேலை. எங்கே இருந்தது என்று சொல்வதுதான் முடியாத வேலை. எல்லாரும் அவளுக்கு ஒரு காகிதம் இல்லை என்று நினைத்தார்கள். எனக்கு இல்லாமல் போனது ஒரு வாக்கியம்.

அவர்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள். மறு வருடம் அவள் கர்ப்பமானாள். எட்டாம் மாதம் முடிந்த சமயம், ஒரு வியாழக்கிழமை மதியம், தேவன் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், வலி வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவட்டா?"

"ஐசி கேப்பாங்க தேவன். இல்லேன்னா புடிச்சுக் குடுத்துருவாங்க. கொஞ்சம் பொறு. நான் மருத்துவச்சியக் கூட்டிட்டு வாரேன்."

போனை வைத்துவிட்டு என் அறைக்குப் போனேன். பத்திரம் இருந்த அலமாரியின் சாவியைக் கையில் எடுத்தேன். மணி மூன்று இருக்கும். வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. சாவியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் எதையும் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை: அவள் வலியை நான் நினைக்கவில்லை. பத்திரத்தை நீட்டும்போது அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையைத்தான் நினைத்தேன். சாவியைத் திரும்ப வைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு மருத்துவச்சி வீட்டுக்கு நடந்தேன். எழுபது வயதுக் கிழவி. மறுக்கத் தெரியாதவள்.

ஐந்து மணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அதற்கு மேல் காத்திருக்காமல் தேவன் இருவரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே யாரும் ஐசி கேட்கவில்லை. உடனே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள்தான் கேட்டார்கள். அப்போதும் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை. தாய் பிழைத்தாள்.

லத்தீனில் ஓர்புஸ் என்று ஒரு சொல் உண்டு, அதே குடும்பம். பெற்றோரை இழந்த பிள்ளையையும் அது குறிக்கும், பிள்ளையை இழந்த பெற்றோரையும் குறிக்கும். கட்டுரையில் அதை இடமில்லாமல் விட்டிருந்தேன்.

நான்கு மாதம் கழித்துத் தேவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். பிறகு கூப்பிடுவதும் நின்றது. சாந்தினி ஒரு பிளாஸ்டிக் பையோடு என் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்றே சோறு வடித்தாள், கூடத்தைக் கூட்டினாள். ஆனால் அரை வருடம் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டச் சொன்னார்கள். அங்கேயும் ஐசி கேட்பார்களே என்று நான் சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரும் ஏற்றுக்கொள்கிற ஒரு காரணம் வீட்டிலேயே இருப்பது எவ்வளவு வசதி என்று உங்களுக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை அவளாகவே பேசினாள். "டீச்சர், அன்னிக்கு நீங்க மழயில நனஞ்சுகிட்டு ஓடி வந்தீங்க. எங்கம்மா இருந்திருந்தாக்கூட அப்படி வந்திருக்க மாட்டாங்க."

நான் வாழ்க்கையில் கேட்க விரும்பியது அந்த மாதிரி ஒரு வார்த்தையைத்தான். கிடைத்தபோது, அது எனக்கு உரியதல்ல என்று தெரிந்தும், வைத்துக்கொண்டேன். பத்திரத்தைப் போலவேதான்.

இப்போது உங்களுக்கு வேண்டிய விவரம். பதிவு இலாகா சாந்தினி என்று தேடினால் கிடைக்காது. தோட்டத்தில் பிறப்புகளைப் பதியப் போகிறவர் கிராணி உடையப்பன். அலுவலகக் கணக்குவழக்கு எல்லாம் அவர் கையில். பெற்றவர்கள் சொன்ன பெயர் வழியில் மறந்துபோனால், தனக்குப் பிடித்த ஒன்றை எழுதிவிட்டு வருவார். ஆகவே எங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்குக் கூப்பிடுகிற பெயர் ஒன்று, சுராட்டுப் பெயர் ஒன்று. சாந்தினிக்கு அது தெரியாது. இருளாயிக்கே தெரியாது, அவளுக்குப் படிக்க வராது. எனக்கு மட்டும் தெரியும். அவள் பெயர் விமலா. தகப்பன் சின்னையா, தாய் இருளாயி, இருவரும் குடிமக்களுக்கான நீல ஐசி வைத்திருந்தவர்கள். பிறந்த பதினோராம் நாளே பதிந்திருக்கிறார்கள். இருளாயி மறக்கவில்லை. பச்சை உடம்போடு தோட்ட அலுவலகம் வரை நடந்துபோய்க் கைநாட்டு வைத்திருக்கிறாள். பத்திரத்தில் அந்தக் கட்டைவிரல் ரேகை இன்னும் தெளிவாக இருக்கிறது.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நேர்காணலே தேவைப்படாது என்று நினைக்கிறேன். நான் செய்தது குற்றம். சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் மறுக்கப்போவதில்லை. பிள்ளையின் சாவும் அதில் சேரும் என்றால் சேரட்டும். இதை அவளிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்பதையும் உங்களிடமே விடுகிறேன். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். எனக்காகப் பரிந்து பேசுவாள். அதை என்னால் உட்கார்ந்து கேட்க முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோள். புது ஐசி வந்ததும் தயவுசெய்து அதை நேராக அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் கொடுங்கள். அவள் எல்லாவற்றையும் தொலைத்துவிடுகிறவள்.